சீறூர்ப் பாடல்களில் மனிதரைக் காண்பது எப்படி? சங்கக் கவிதைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சங்கப் பாடல்களைப் பள்ளியில் மனப்பாடப் பகுதியாகச் சந்தித்து, தேர்வோடு விட்டுவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். தினைப்புனம், குருகு, கொன்றை, உப்பு விற்கும் பெண், அணில் ஓடும் முற்றம் என்று சிற்றூர் வாழ்க்கை நிறைந்த பாடல்கள் அவை. சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை, பழகாத சொற்கள், திணை, துறை என்ற அட்டவணைகள் எல்லாம் சேர்ந்து பலரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகின்றன. மனிதர்கள் எப்படி ஆசைப்படுகிறார்கள், எப்படித் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கிறார்கள், தனிமையையும் முதுமையையும் எப்படித் தாங்குகிறார்கள் என்பதை ஐந்தாறு அடிகளுக்குள் இவ்வளவு நேர்மையாகச் சொன்ன கவிதைகள் நான் அறிந்தவரை மிகக் குறைவு. அதனால்தான் அந்த இழப்பு எனக்கு வருத்தம் தருகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பாடல்களில் மனிதரைப் பற்றிய எண்ணம் பெரும்பாலும் வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை. அது ஒரு பறவையின் காலில் இருக்கும், பாறைமேல் கிடக்கும் ஒரு முட்டையில் இருக்கும். அந்தப் பொருளின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பதுதான் வாசகர் செய்ய வேண்டிய வேலை. ‘இதன் கருத்து என்ன?’ என்று உடனே தாவினால் பாட்டு கைநழுவிப் போகும். கீழே வரும் படிகள் எல்லாம் அப்படி நிற்பதற்கான பழக்கங்கள்தான்.

முதல் படி: குறுந்தொகையைக் கையில் எடுங்கள்

எட்டுத்தொகையில் எதை முதலில் படிப்பது என்று கேட்டால் எனக்குத் தயக்கமே இல்லை, குறுந்தொகைதான். கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்கள். பெரும்பாலானவை 4 முதல் 8 அடிக்குள் முடிந்துவிடும். ஒரு பாட்டை ஒரு நிமிடத்தில் படித்துவிட்டு நாள் முழுக்க மனத்தில் வைத்திருக்கலாம். அகநானூறு அழகில் எந்த விதத்திலும் குறைந்ததில்லை. ஆனால் அதன் பாடல்கள் 13 அடியிலிருந்து 31 அடி வரை நீளும். வாக்கியம் எங்கே முடிகிறது என்று தேடுவதற்குள் புதியவர் களைத்துவிடுவார். கலித்தொகையையும் பரிபாடலையும் இப்போதைக்குத் தொடவே வேண்டாம்.

சந்தி பிரித்த மூலம் உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பாதிக் கடினம் இதிலேயே தீர்ந்துவிடும். குறுந்தொகையைச் சௌரிப்பெருமாள் அரங்கனார் 1915இல் உரையோடு அச்சேற்றினார். உ.வே. சாமிநாதையரின் பதிப்பு 1937இல் வந்தது. உ.வே.சா. பதிப்பில் பதவுரை, விளக்கம், பிற நூல்களில் வரும் ஒப்புமை வரிகள் எல்லாம் இருக்கும். முதல் வாசிப்புக்கு அது கொஞ்சம் கனம்தான். இரண்டாம் வாசிப்புக்கு அதைவிட நல்ல துணை கிடையாது. மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆகியவற்றின் தளங்களில் மூலம் இலவசமாகவே கிடைக்கிறது.

படிக்கும்போது ஒரு வரிசையை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உரையைப் பார்க்காமல் பாட்டை வாய்விட்டு இரண்டு முறை படியுங்கள். புரியாத சொற்களுக்கு அடியில் கோடு போடுங்கள். பிறகு பதவுரையைப் பாருங்கள். கடைசியில் உரையை மூடிவிட்டு மறுபடியும் மூலத்தைப் படியுங்கள். தெளிவுரையை மட்டும் வாசித்துவிட்டுப் பாட்டைப் படித்துவிட்டதாக எண்ணுவது பலரிடம் உள்ள பழக்கம். தெளிவுரை செய்தியை மட்டும்தான் தரும். எந்தச் சொல் முதலில் வந்தது, எதைக் கடைசி வரை நம்மிடமிருந்து மறைத்து வைத்தார்கள் என்பதெல்லாம் மூலத்தில்தான் இருக்கிறது.

இரண்டாம் படி: பேசுவது யார், கேட்பது யார்?

ஒவ்வோர் அகப்பாடலுக்கும் கீழே ஒரு சிறு குறிப்பு இருக்கும். ‘தலைவி தோழிக்குச் சொல்லியது’, ‘தோழி தலைவனிடம் சொல்லியது’ என்பது போல. அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பாட்டுக்குள் நுழையும் வழியே அதுதான். தலைவி, தலைவன், தோழி, செவிலி (வளர்ப்புத் தாய்), பாங்கன் (தலைவனின் நண்பன்), பரத்தை என்று சிலர்தாம் திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள். யாருக்கும் பெயர் கிடையாது. அகப்பாட்டில் ஒருவரைச் சுட்டிப் பெயர் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியத்தின் விதி. அந்த விதியால்தான் அந்தப் பெண்ணின் இடத்தில் யாரும் வந்து நிற்க முடிகிறது.

பேசுகிறவரைப் புலவரோடு குழப்பிக்கொள்ளவும் கூடாது. குறுந்தொகை 58ஐப் பாருங்கள். காதல் நோயில் கிடக்கும் தலைவனை நண்பன் கண்டிக்கிறான். அதற்குத் தலைவன் பதில் சொல்கிறான்:

ஞாயிறு காயும் வெவ்வறை மருங்கில்
கையில் ஊமன் கண்ணின் காக்கும்
வெண்ணெய் உணங்கல் போலப்
பரந்தன்று இந்நோய் நோன்று கொளற்கு அரிதே

வெயில் காயும் பாறைமேல் வெண்ணெய் உருகிக்கொண்டிருக்கிறது. காவலுக்கு இருப்பவனுக்குக் கைகள் இல்லை, எடுத்து நிழலில் வைக்க முடியாது. பேச்சும் வராது, ஆளைக் கூப்பிட முடியாது. கண் மட்டும் இருக்கிறது, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கிறது. தன் மனத்துக்கு என்ன நேர்கிறது என்று தெளிவாகத் தெரிந்தும் தடுக்க முடியாமல் நிற்கும் நிலையை இதைவிடக் கூர்மையாகச் சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த ஆண்குரலை எழுதியவர் வெள்ளிவீதியார் என்ற பெண்பாற் புலவர். சங்கப் பாடல்களை எழுதியவர்கள் இன்னொருவர் மனத்துக்குள் போய் அமர்ந்து பேசும் கலையை முழுமையாக அறிந்தவர்கள்.

மூன்றாம் படி: வாக்கியத்தைப் பிடியுங்கள், பிறகு காட்சிக்குத் திரும்புங்கள்

இந்தப் படிதான் மிக முக்கியம். அதனால் ஒரு பாட்டை முழுவதுமாக எடுத்துக்கொண்டு பார்க்கலாம். குறுந்தொகை 25, கபிலர் பாடியது. திருமணத்தைத் தலைவன் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறான். தலைவி தோழியிடம் சொல்கிறாள்:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தான் அது பொய்ப்பின் யான் எவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறு பசுங் கால
ஒழுகு நீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டு தான் மணந்த ஞான்றே

முதலில் அடைமொழிகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு வாக்கியத்தை மட்டும் எழுதுங்கள். ‘அங்கே யாரும் இல்லை. அந்தக் கள்வன் மட்டும்தான் இருந்தான். அவனே அதைப் பொய்யாக்கினால் நான் என்ன செய்வேன்? அவன் என்னோடு கூடிய அன்று ஒரு குருகும் இருந்தது.’ செய்தி இவ்வளவுதான். சாட்சி இல்லாத இடத்தில் கொடுத்த வாக்கு, அதை நம்பிய பெண், இப்போது அவளுக்கு வந்திருக்கும் பயம்.

இனி ஒதுக்கி வைத்ததை ஒவ்வொன்றாகத் திரும்ப வையுங்கள். அந்தக் குருகு என்ன செய்துகொண்டிருந்தது? ஓடும் நீரில் ஆரல் மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கண் இவர்கள்மேல் இல்லை. இவள் வாழ்க்கையே திசைமாறிய நேரத்தில் பக்கத்தில் நின்ற ஒரே உயிர் தன் இரையில் கவனமாக இருந்தது. அதில் கொடுமை எதுவும் இல்லை. பறவைக்குப் பசி, அவ்வளவுதான். ஆனால் நம் பெரிய நிகழ்ச்சிகள் உலகத்துக்குப் பெரியவை இல்லை என்பது அந்த ஒரே அடியில் வந்துவிடுகிறது.

அடுத்தது அந்தக் கால்கள். தினைத்தாள் போல மெல்லிய, சிறிய, பசிய கால்கள். அந்த நேரத்தில் ஒரு பறவையின் காலை இவ்வளவு நுணுக்கமாகவா பார்ப்பாள்? பார்ப்பாள். நாணமும் அச்சமும் கலந்த நேரத்தில் கண் எங்காவது ஒரு சிறு பொருளில் போய் நிலைத்துவிடும், பல நாள் கழித்தும் அதுதான் நினைவில் நிற்கும். அதோடு, அவள் ஒப்பிடுவதற்கு எடுத்தது தினைத்தாள். புனத்தில் தினை காத்து வளர்ந்தவளின் கண் அது. இனி முதல் அடிக்கும் கடைசி அடிக்கும் நடுவே உள்ள தூரத்தைப் பாருங்கள். யாரும் இல்லை என்று தொடங்கியவள், நினைவைத் துழாவித் துழாவி, கடைசியில் ஒரு குருகைக் கண்டுபிடிக்கிறாள். ஆள் இல்லாத இடத்தில் ஆளைத் தேடும் மனத்தின் தவிப்பு அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. நீர் ஓடிவிட்டது, மீனும் போயிருக்கும், குருகும் பறந்திருக்கும். அவள் மட்டும் அந்த இடத்திலேயே நிற்கிறாள்.

ஒரு பாட்டுக்கு இப்படி அரைமணி நேரம் கொடுங்கள். பத்துப் பாட்டை வேகமாக ஓட்டுவதைவிட இது பலமடங்கு பயன் தரும்.

நான்காம் படி: என்ன வேலை நடக்கிறது, எதற்காகக் காத்திருக்கிறார்கள்?

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற ஐந்திணைகளையும் அவற்றின் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருளையும் அட்டவணையாகப் பள்ளியில் படித்திருப்பீர்கள். மறுபடியும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்கே உள்ள மரம், விலங்கு, தொழில் முதலியவை கருப்பொருள், அங்கே நடக்கும் மனத்தின் ஒழுக்கம் உரிப்பொருள் என்பது நினைவில் இருந்தால் போதும். பாட்டைப் படிக்கும்போது, இந்த நிலத்தில் இப்போது என்ன வேலை நடக்கிறது, இவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏன் வேலை? சிற்றூரில் மனிதரின் ஆசைக்கு நாள் குறிப்பது அதுதான். குறிஞ்சிப் பாடல்களில் தலைவி தினைப்புனத்தில் கிளி ஓட்டப் போகிறாள். காவல் வேலை இருக்கும்வரை அவனைச் சந்திக்க முடிகிறது. கதிர் முற்றி அறுவடை நெருங்கினால் புனத்துக்குப் போகக் காரணம் இல்லை, வீட்டுக்குள் இருக்க வேண்டியதுதான். ஊரே மகிழ்கிற அறுவடை அவளுக்கு மட்டும் பிரிவாக வந்து நிற்கிறது. பொதுவான நன்மையும் ஒருவரின் துயரமும் ஒரே நாளில் வருவதைச் சொல்ல இந்தப் புலவர்கள் தத்துவம் எதையும் தேடவில்லை, முற்றிய கதிரைக் காட்டினார்கள்.

நெய்தலில் அகநானூறு 140ஐப் பிறகு படியுங்கள். அம்மூவனார் பாடியது. உப்பு விற்கும் பெண் நெல்லுக்குச் சமமாக உப்பு என்று விலை கூவிக்கொண்டு தெருவில் வருகிறாள். கேட்டுப் பழகாத குரல் என்பதால் வீட்டு நாய் குரைக்கிறது. அவள் கண்கள் அஞ்சுகின்றன. அந்தக் கண்களில்தான் தலைவன் மனத்தைப் பறிகொடுக்கிறான். காதல் பிறக்கும் இடம் சோலை இல்லை, பண்டமாற்று நடக்கும் தெரு.

காத்திருத்தலுக்கு முல்லையைவிடச் சிறந்த நிலம் இல்லை. கார்காலத்தில் திரும்பி வருவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. கொன்றையோ பூத்துவிட்டது. தலைவி கலங்குகிறாள். தோழி சொல்லும் ஆறுதல் குறுந்தொகை 66இல் இருக்கிறது. ‘இந்தக் கொன்றை மரங்களுக்கு அறிவே இல்லை. காலம் தப்பி வந்த மழையைக் கார்மழை என்று நினைத்துப் பூத்துவிட்டன’ என்கிறாள். கார்காலம் வந்துவிட்டது என்பது இருவருக்குமே தெரிந்திருக்கலாம். ஆனாலும் ஒருத்தி பருவத்தையே மறுக்கிறாள், மற்றவள் அதைக் கேட்டுக்கொள்கிறாள். இன்னும் ஒரு நாள் தாங்குவதற்கு இயற்கையையே பொய்யாக்கிவிடும் மனம் இது. அன்பினால் சொல்லும் பொய்யை இங்கே யாரும் கண்டிக்கவில்லை, புகழவும் இல்லை. இந்த நிதானத்துக்காகவே எனக்கு இந்தப் பாட்டின்மேல் தனி மதிப்பு.

ஐந்தாம் படி: சொல்லாமல் விட்டதைத் தேடுங்கள்

உவமையில் ‘போல’ என்று ஒரு சொல் இருக்கும், எளிதில் கண்டுகொள்ளலாம். உள்ளுறையில் அது இருக்காது. ஊரின் காட்சி ஒன்று சும்மா வருணனை போல வந்து போகும், ஒப்பிட்டுப் பார்ப்பது நம் பொறுப்பு. தலைவனைக் குறிக்கும் ‘குன்ற நாடன்’, ‘ஊரன்’ போன்ற சொற்களுக்கு முன்னால் வரும் காட்சிகளை எப்போதும் நிறுத்திப் படியுங்கள். உள்ளுறை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

குறுந்தொகை 38, மறுபடியும் கபிலர். காட்டு மயில் பாறையில் இட்ட முட்டையை, வெயிலில் விளையாடும் குரங்குக் குட்டி உருட்டுகிற குன்றத்து நாடன் அவன். குட்டிக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதற்குக் கிடைத்தது உருட்டி விளையாட ஓர் உருண்டை. மயிலுக்கோ அது குஞ்சு. நம்மை மிக ஆழமாகக் காயப்படுத்துகிறவர்களில் பலர் தீயவர்கள் இல்லை, தம் கையில் இருப்பது என்ன என்று அறியாதவர்கள். தலைவி இதை எங்கும் சொல்லவில்லை. அவன் நாட்டில் இப்படி ஒன்று நடக்கும் என்பதோடு நிறுத்திவிட்டு, பிரிவைத் தாங்க வல்லவர்களுக்கு அவன் நட்பு நல்லதுதான் என்று முடித்துவிடுகிறாள்.

மருதத்தில் குறுந்தொகை 8ஐ எடுங்கள். ஆலங்குடி வங்கனார் பாடியது. பேசுகிறவள் பரத்தை. வயலோரத்து மாமரத்திலிருந்து விழும் கனியைக் குளத்து வாளை கவ்விக்கொள்ளும் ஊரைச் சேர்ந்தவன் என்று அவனைக் குறிப்பிடுகிறாள். பிறகு, என் வீட்டில் பெரிய பேச்செல்லாம் பேசினான், தன் வீட்டிலோ மகனின் தாய்க்கு அவள் விரும்பியதைச் செய்கிறான், நாம் கையையும் காலையும் தூக்கினால் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவையைப் போல, என்கிறாள். வெளியே வீரம், உள்ளே பணிவு. இரண்டில் எது அவன் உண்மை முகம்? இரண்டுமேதான் என்று பாட்டு சொல்வதாக எனக்குப் படுகிறது. பாடுபடாமல் வாய்க்குள் வந்து விழும் கனியை வாளை கவ்வுகிறது. அது அவனைக் குறிக்கிறதா, தன்னையா, மனைவியையா என்று யோசித்துப் பாருங்கள். உரைகாரர் ஒரு விடை சொல்வார். அதைக் கேட்பதற்கு முன் உங்கள் விடையைக் குறித்துவையுங்கள். பிறகு இரண்டையும் ஒப்பிட்டால் உரைகாரரோடு ஒரு உரையாடலே தொடங்கிவிடும்.

ஆறாம் படி: வெறுமையும் முதுமையும்

இதுவரை பார்த்தவை மனிதர் ஒருவரோடொருவர் படும் பாடு. மனித இருப்பைப் பற்றிய கேள்விகளுக்கு வரும்போது குறுந்தொகை 41ஐப் பாலமாக வைத்துக்கொள்ளலாம். காதலர் அருகில் இருந்தால் திருவிழா நடக்கும் ஊர் போல மகிழ்வேன் என்கிறாள் தலைவி. அவர் பிரிந்தால்?

அத்தம் நண்ணிய அங்குடிச் சீறூர்
மக்கள் போகிய அணிலாடு முன்றில்
புலப்பில் போலப் புல்லென்று
அலப்பென் தோழி

பாலைவழியை ஒட்டிய சீறூரில், மக்கள் விட்டுப் போன வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுகிறது. தனிமையைக் காட்டப் புலவர் இருளையோ மௌனத்தையோ தேடவில்லை. அணிலின் ஓட்டத்தைக் காட்டினார். ஆள் நடமாடிய முற்றத்தில் அணில் அச்சமில்லாமல் ஓடுகிறது என்றால் அங்கே ஆள் இல்லை என்பது உறுதி. இதை எழுதியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அணிலாடு முன்றிலார் என்றே அவரைத் தமிழ் நினைவில் வைத்திருக்கிறது.

அடுத்துப் புறநானூற்றுக்குச் செல்லுங்கள். 400 பாடல்களையும் வரிசையாகப் படிக்க வேண்டாம். முதலில் 243. இந்தப் புலவரும் தம் பாட்டின் சொல்லாலேயே தொடித்தலை விழுத்தண்டினார் என்று அழைக்கப்படுகிறார். பூண் பொருத்திய கைத்தடியை ஊன்றி நிற்கும் முதியவர் ஒருவர் தம் இளமையை நினைக்கிறார். மணலில் செய்த பாவைக்குப் பூச்சூட்டி விளையாடியது, பெண்களோடு கைகோத்துக் குளத்தில் ஆடியது, வஞ்சமில்லாத தோழர்களோடு திரிந்தது. துறையில் தாழ்ந்திருந்த மருத மரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் வியக்க, ஆழமான மடுவில் துடுமெனக் குதித்து, அடியிலிருந்து மணலை அள்ளிவந்தது. எதற்காக மணல்? அடி வரைக்கும் போனேன் என்று காட்டத்தான். அந்த இளமை இப்போது எங்கே என்று கேட்கும் முதியவர், தம்மை இருமலுக்கு நடுவே சில சொற்கள் பேசுகிறவர் என்கிறார். பாட்டை வாய்விட்டுப் படித்தால் இன்னொன்று தெரியும். இளமையைச் சொல்லும் அடிகள் மூச்சு விடாமல் ஓடுகின்றன, இருமலுக்கு நடுவே பேசும் ஒருவரின் வாயிலிருந்து. நினைவில் மட்டும் அவருக்கு மூச்சு வாங்கவில்லை.

அதன்பிறகு 192. ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்ற கணியன் பூங்குன்றனாரின் முதல் அடி எல்லோருக்கும் தெரியும், மீதியைப் பலர் படித்ததில்லை. மழை பொழிந்து, கல்லில் மோதி ஒலிக்கும் பேராற்று நீரின் வழியே செல்லும் புணை (தெப்பம்) போல உயிர் முறையின் (ஊழின்) வழியே செல்கிறது என்பது பாட்டின் நடுவில் வருகிறது. அதை உணர்ந்ததால் பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று முடிகிறது. எல்லோரும் ஒரே வெள்ளத்தில் மிதக்கிறோம் என்ற அறிதலிலிருந்துதான் எல்லோரும் உறவினர் என்ற முதல் அடி வருகிறது. முழுதும் படிக்காமல் முதல் அடியை மட்டும் பேசினால் அது வெறும் நல்லெண்ண வாசகமாகச் சுருங்கிவிடும். கூடவே 194ஐயும் படித்துவிடுங்கள். ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு என்று தொடங்கும் அந்தப் பாட்டு, பூங்குன்றனாரின் நிதானத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தக்கது.

ஏழாம் படி: ஊரைச் சொர்க்கமாக்காதீர்கள்

இன்று சிற்றூர்க் கவிதைகளைப் படிக்கிற பலரிடம் ஓர் ஏக்கம் முன்கூட்டியே தயாராக இருக்கிறது. அந்தக் காலம், அந்தக் காற்று, அந்த மனிதர்கள் என்று. அந்த ஏக்கத்தோடு படித்தால் பாடல்கள் வெறும் இயற்கைப் படங்களாகிவிடும். புலவர்கள் அப்படிப் பார்க்கவில்லை. புறநானூறு 164இல் பெருந்தலைச் சாத்தனார் வள்ளல் குமணனிடம் தம் வீட்டைச் சொல்கிறார். சமைத்து நெடுநாள் ஆனதால் அடுப்பில் காளான் பூத்திருக்கிறது, பால் இல்லாத மார்பைச் சுவைத்துக் குழந்தை அழுகிறது, அதன் முகத்தைப் பார்த்து மனைவியின் கண் நீரால் நிறைகிறது. மழையும் காடும் அழகாக இருந்த அதே உலகம்தான் இது.

248ஆம் பாட்டு இன்னும் கடினமானது. ஒக்கூர் மாசாத்தனார் பாடியது. கணவனை இழந்த பெண் சிறிய வெள்ளாம்பலைப் பார்த்து இரங்குகிறாள். இளமையில் அதன் தழை உடுத்தும் ஆடையாக இருந்தது. இப்போது, கைம்மை நோன்பில் வேளை தப்பி உண்ணும் புல்லரிசி உணவாகிவிட்டது. செடி மாறவே இல்லை. அதைச் சுற்றி ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுவதும் மாறிவிட்டது. அந்த நோன்பை அவள்மேல் சுமத்திய சமூகத்தைப் பாட்டு நேராகக் குற்றம் சாட்டவில்லை, ஆனால் கோபம் வராமல் இதைப் படிக்க முடியாது. மருதத்தில் பரத்தையிடம் சென்று திரும்பும் கணவனைத் தலைவி ஏற்றுக்கொள்ளும் பாடல்களையும் அப்படியே படியுங்கள். அழகு என்று சொல்லி அநீதியைத் தாண்டிப் போக வேண்டாம், அநீதி என்று சொல்லி அந்தப் பெண்ணின் குரலைக் கேட்காமலும் இருக்க வேண்டாம்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். இவை சிற்றூர் மக்கள் வயலில் பாடிய பாடல்களின் நேரடிப் பதிவு இல்லை. மரபை நன்கு கற்ற புலவர்கள் சிற்றூர் வாழ்வை எடுத்து வடித்தவை. அதனால் அன்றைய கிராமத்தின் முழு ஆவணமாக இவற்றை எடுத்துக்கொள்ள முடியாது. மனித மனத்தின் ஆவணமாக எடுத்துக்கொள்ளத் தடையில்லை.

பழக்கமாக்கிக்கொள்ள

ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு இரண்டு பாட்டு போதும். இடப்பக்கத்தில் மூலத்தைக் கையால் எழுதுங்கள். கையால் எழுதும்போதுதான் கண் தாண்டிப் போன சொற்கள் நிற்கும். வலப்பக்கத்தில் பேசுபவர், கேட்பவர், நடக்கும் வேலை, எதற்கான காத்திருப்பு என்பவற்றைச் சுருக்கமாகக் குறியுங்கள். அடியில் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்து, அது என்ன செய்கிறது என்று இரண்டு வரி எழுதுங்கள். ‘காதலின் துயரம்’, ‘வாழ்வின் நிலையாமை’ போன்ற பெரிய சொற்களை அந்த இரண்டு வரியில் பயன்படுத்தாமல் பாருங்கள். அணில் ஓடுகிறது, நாய் குரைக்கிறது, வெண்ணெய் உருகுகிறது என்ற அளவிலேயே நின்றால் உங்கள் வாசிப்பு கூர்மையாகும்.

உரைகள் முரண்படும்போது கலங்க வேண்டாம். பாட வேறுபாடுகள் உண்டு, ஒரே அடிக்கு இரண்டு பொருள் சொல்பவர்களும் உண்டு. இரண்டையும் எழுதிவைத்துக்கொண்டு முன்னே செல்லுங்கள். நண்பர் ஒருவரோடு சேர்ந்து படிக்க முடிந்தால் இன்னும் நல்லது. இவை எல்லாமே ஒருவர் மற்றொருவரிடம் பேசும் பாடல்கள்தானே, காதால் கேட்கும்போது வேறு உயிர் வரும்.

குறுந்தொகையில் ஐம்பது பாடல்கள் இப்படி ஆனபிறகு ஐங்குறுநூற்றுக்குப் போகலாம். 500 பாடல்கள், 3 முதல் 6 அடிதான். அங்கே 203ஆம் பாட்டைத் தவறவிடாதீர்கள். தலைவனோடு உடன்போக்காகச் சென்று மீண்டு வந்த பெண் தோழியிடம், அவன் நாட்டில் தழை மூடிய கிணற்றில் மான் குடித்து எஞ்சிய கலங்கல் நீர், நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலைவிட இனியது என்கிறாள். அதற்கடுத்து நற்றிணை, பிறகு அகநானூறு. புறநானூற்றைத் தனியாக, ஔவை துரைசாமிப் பிள்ளை உரையோடு, மெதுவாகப் படித்துக்கொண்டே வரலாம்.